எண்களை வகுத்தலும் வரைந்து காட்டலும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மார்த்தாண்டத்திற்கும் அரபிக்கடற்கரைக்கும் இடையே கருங்கல் என்னும் ஊர் அமைந்துள்ளது. தென்னையும் வாழையும் மரச்சீனியும் அவ்வூரைச் சூழ்ந்து செழித்திருக்கின்றன. ஒரு வீட்டின் முற்றம் முடியும் இடத்தில் அடுத்தவர் விளை தொடங்குகின்றது. அவ்வழியே செல்லும் வெளியூரார் அதனைச் சோலைகள் நிறைந்த ஒரு சிற்றூர் என்றே கருதுவர். ஆயினும், 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஏடுகளைப் புரட்டினால், கருங்கல் சிற்றூர்களின் வரிசையில் காணப்படவில்லை. நகரங்களின் வரிசையில் காணப்படுகின்றது. கண்ணாற் கண்டவர் கூற்றுப் பொய்யோ? ஏட்டில் எழுதியது பொய்யோ? இரண்டும் பொய்யல்ல. எண்களை எவ்வாறு வகுத்தனர் என்பதை அறிந்தவர்க்கே இப்புதிர் விளங்கும்.

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியவர் தமிழர். எழுத்தைக் கற்றவன் பிறர் எழுதியதைப் படித்து உண்மையும் பொய்யும் பகுத்துணர்கின்றான். அதுபோலவே, பிறர் தொகுத்த எண்களைப் படித்து உண்மை காணும் ஆற்றலும் ஒவ்வொரு குடிமகனுக்கும் வேண்டும். அவ்வாற்றலை அளிப்பது புள்ளியியல் என்னும் கலையாகும். தொகுத்தல், வகுத்தல், அட்டவணைப்படுத்தல், வரைந்து காட்டல், பொருள் காணல் என்பன அக்கலையின் படிகள். இவற்றுள் வகுத்தலும் வரைந்து காட்டலும் இப்பாடத்தின் பொருளாகும்.

களத்தில் அடித்துக் குவித்த நெல்லில் மணியும் பதரும் வைக்கோற்றுகளும் கலந்து கிடக்கும். தூற்றிப் பிரித்த பின்னரே அது பத்தாயத்திற்குச் செல்லும். முதன்முதல் திரட்டப்பெற்ற எண்களும் அத்தகைய குவியலே. ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளிவாக உணரலாம். கருங்கல்லில் தென்னந்தோப்பு உடைய ஒருவர், தம் தோப்பிலுள்ள 30 தென்னைகளில் ஒரு வெட்டில் இறங்கிய காய்களை மரந்தோறும் எண்ணி, வரிசையாகக் குறித்து வைத்தார் எனக் கொள்க. அவர் குறித்தவை பின்வருமாறு:

12, 7, 15, 9, 18, 4, 11, 13, 22, 8
14, 10, 6, 16, 12, 3, 19, 11, 13, 9
17, 12, 14, 5, 10, 21, 8, 13, 11, 15

இவ்வரிசையை எத்தனை முறை படித்தாலும் மனத்தில் ஒன்றும் பதிவதில்லை. யாவற்றையும் கூட்டினால் 358 காய்கள் வரும். அதனை 30 ஆல் வகுத்தால், மரம் ஒன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 12 காய்கள் என்பது தெரியும். சராசரி பயனுடையதே; ஆயினும் அது தோப்பு முழுவதையும் ஒரே மரம்போல் ஆக்கிவிடுகின்றது. 22 காய் தந்த மரமும் 3 காய் தந்த மரமும் அச்சராசரிக்குள் மறைந்துபோகின்றன. தோப்புக்கு உரியவர் அறிய வேண்டுவதோ, எத்தனை மரங்கள் நன்கு காய்த்தன, எத்தனை மரங்கள் குன்றிவிட்டன என்பதே. அதற்கு எண்களைப் பிரிவுகளாக வகுத்தல் வேண்டும்.

ஐந்தைந்தாகப் பிரிவு இடைவெளி அமைத்து, ஒவ்வொரு மரத்தையும் அதற்குரிய பிரிவில் ஒரு சிறு கோடிட்டுக் குறித்துச் செல்லுதல் வழக்கம். நான்கு கோடுகள் நின்றபின் ஐந்தாவது கோட்டை அவற்றின்மேல் குறுக்காக இடுவர். ஐந்து ஐந்தாகக் கட்டிய கீற்றுகளை எண்ணுதல்போல் பின்னர் அவற்றை எளிதாக எண்ணிவிடலாம். இவை நேர்க்கோட்டுக் குறிகள் எனப்படும். ஒரு பிரிவில் விழுந்த குறிகளின் தொகை அப்பிரிவின் நிகழ்வெண் ஆகும். மேற்கண்ட தோப்பின் நிகழ்வெண் அட்டவணை இவ்வாறு அமையும்:

0 முதல் 4 காய்கள் வரை – 2 மரங்கள்
5 முதல் 9 காய்கள் வரை – 7 மரங்கள்
10 முதல் 14 காய்கள் வரை – 13 மரங்கள்
15 முதல் 19 காய்கள் வரை – 6 மரங்கள்
20 முதல் 24 காய்கள் வரை – 2 மரங்கள்
மொத்தம் – 30 மரங்கள்

முப்பது எண்கள் ஐந்து வரிகளாகச் சுருங்கின. சுருங்கினும் பொருள் பெருகிற்று. பெரும்பாலான மரங்கள் நடுத்தரமாகக் காய்த்தன என்பதும், 9 மரங்கள் பத்துக் காய்களுக்கும் குறைவாகவே தந்தன என்பதும் ஒரு நொடியிற் புலனாகின்றன.

பிரிவுகளை அமைப்பதில் இரண்டு நெறிகளைக் கைவிடலாகாது. முதலாவது, எந்த எண்ணும் இரண்டு பிரிவுகளில் விழலாகாது. 0 முதல் 5 வரை, 5 முதல் 10 வரை என்று எல்லைகளை வைத்தால், 5 காய் தந்த மரத்தை எதில் சேர்ப்பது என்ற ஐயம் எழும். எண்ணுபவர் ஒருவர் மேற்பிரிவிலும், மற்றொருவர் கீழ்ப்பிரிவிலும் சேர்ப்பர். இரண்டாவது, எந்த எண்ணும் எப்பிரிவிலும் சேராது விடுபடலாகாது. பிரிவுகளின் தொகையும் முதலில் இருந்த பொருள்களின் தொகையும் ஒத்திருத்தல் இதற்குச் சான்றாகும். மேலும், பிரிவுகள் மிகப் பலவாயின் குவியல் குவியலாகவே நிற்கும். மிகச் சிலவாயின் வேறுபாடுகள் மறைந்துவிடும். அளவறிந்து வகுத்தலே அறிவுடைமை.

இனி, எண்ணின் சிறுமை பெருமை பற்றி வகுத்தல் ஒருமுறை. வேறு முறைகளும் உண்டு. காய்ப்புக் குன்றிய அந்த 9 மரங்களும் தோப்பில் எங்கெங்கே நிற்கின்றன என்று வினவினால், அஃது இடம்பற்றி வகுத்தலாகும். அவை இங்கொன்றும் அங்கொன்றுமாய் நின்றால் அம்மரங்களின் முதுமையோ, இனமோ காரணமாகலாம். அனைத்தும் ஒரே மூலையில் நின்றால், மண்ணின் குறையோ, தென் திருவிதாங்கூர்ப் பகுதிகளில் தென்னையைத் தாக்கும் வேர் வாடல் நோயோ அங்குப் பரவியிருக்கலாம். முன்னதற்கு மருந்து வேறு; பின்னதற்கு மருந்து வேறு. வகுக்காமல் விட்ட எண், நோயை மறைத்துவிடும்.

புள்ளியியலார் வகுத்தலை நான்கு வகையாகக் கூறுவர். அவை, இடம் பற்றியது, காலம் பற்றியது, பண்பு பற்றியது, அளவு பற்றியது என்பன. மழையை எடுத்துக்கொண்டால் முதல் இரண்டும் விளங்கும். கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்குப் பருவக்காற்றாலும் வடகிழக்குப் பருவக்காற்றாலும் மழை பெறுவது. திங்கள்தோறும் பெய்த மழையைக் காலமுறைப்படி வகுத்து வரைந்தால், ஆனி மாதத்தை ஒட்டி ஒரு முகடும், ஐப்பசியை ஒட்டி மற்றொரு முகடும் தோன்றும். சென்னையின் மழையை வரைந்தாலோ ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பெருமுகடே ஓங்கி நிற்கும். அதே மழையை இடம்பற்றி வகுத்தால், மலையை ஒட்டிய பேச்சிப்பாறைப் பக்கம் மிகுதியாகவும், கிழக்கே குமரிமுனைப் பக்கம் குறைவாகவும் பெய்தல் தெரியவரும். மாவட்டம் முழுமைக்கும் ஒரே சராசரியைக் கூறினால், மேற்கிலுள்ள இரப்பர்த் தோட்டமும் கிழக்கிலுள்ள வறண்ட நிலமும் ஒன்றென்று எண்ண நேரிடும்.

ஆண், பெண் என்றும், எழுத்தறிந்தவர், அறியாதவர் என்றும் பிரித்தல் பண்பு பற்றியதாகும். ஒரு வகுப்புமுறையோடு மற்றொன்றையும் இணைத்து நோக்கும்பொழுது, மறைந்து கிடந்த உண்மைகள் வெளிப்படுவதுண்டு. இதற்குத் தமிழ்நாட்டிலேயே மறக்கவொண்ணாத சான்று ஒன்று உளது. 1991-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 1000 ஆண்களுக்கு 974 பெண்கள் இருந்தனர். இவ்வெண் எவரையும் திடுக்கிடச் செய்யவில்லை. மக்களை அகவை பற்றி மேலும் வகுத்து, ஆறு அகவைக்கு உட்பட்ட குழந்தைகளை மட்டும் நோக்கியபொழுது, 1000 ஆண் குழந்தைகளுக்கு 948 பெண் குழந்தைகள் இருந்தனர். 1000 ஆண் மகவுக்கு ஏறத்தாழ 950 பெண் மகவு பிறத்தல் உலகெங்கும் காணப்படும் இயற்கை. ஆகவே இவ்வெண்ணும் பேரச்சம் தரவில்லை. இதனையும் மாவட்டவாரியாகப் பிரித்தபொழுதே சேலம் மாவட்டத்தின் எண் 850-ஐ ஒட்டித் தாழ்ந்து நின்றமை கண்ணிற் பட்டது. இயற்கை அளித்த பெண் மகவுகள் பலர் வளரவிடப்படவில்லை என்னும் கொடிய உண்மையை அவ்வெண் உரைத்தது. களத்திற்குச் சென்று விசாரித்தோர் கூற்றும் அதனை உறுதிப்படுத்திற்று. 1992-ஆம் ஆண்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலில் சேலத்திலே தொடங்கப்பெற்றது. மாநிலத்தின் மொத்தத் தொகைக்குள் குரலின்றிக் கிடந்த குழந்தைகளுக்கு, முறையாக வகுக்கப்பட்ட எண்கள் குரல் கொடுத்தன எனலாம்.

வகுத்த எண்களைக் கண்முன் நிறுத்துவது விளக்கப்படம். எண்களைக் கோடுகளாலும் பட்டைகளாலும் காட்டும் முறையைப் பரப்பியவர் வில்லியம் பிளேஃபேர் என்னும் ஸ்காட்லாந்து நாட்டினர். 1786-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், நாடுகளுடன் நடந்த வாணிகத்தைக் கோட்டுப் படங்களாகவும் பட்டைப் படமாகவும் வரைந்து காட்டினார். 1801-ஆம் ஆண்டில் வட்ட விளக்கப்படத்தையும் அவரே அறிமுகப்படுத்தினார். இன்று செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் நாள்தோறும் காணப்படும் படங்கள் பல அவர் வழி வந்தவையே.

ஒவ்வொரு படத்திற்கும் உரிய பணி வேறு. தனித்தனிப் பொருள்களை ஒப்பிடுவதற்குப் பட்டை விளக்கப்படம் ஏற்றது. இதில் பட்டைகளின் அகலம் ஒன்றாகவே இருக்கும். உயரம் மட்டும் அளவுக்கேற்ப வேறுபடும். பட்டைகளுக்கு இடையே சம இடைவெளி விடப்படும். தென்னைகளின் காய்ப்பைப்போல் தொடர்ந்து செல்லும் அளவுகளைக் காட்டுவதற்கு நிகழ்வு செவ்வகம் ஏற்றது. அதில் பிரிவுகள் ஒன்றையொன்று தொட்டு நிற்பதால், செவ்வகங்களும் இடைவெளியின்றி ஒட்டி நிற்கும். இதற்காக 4-க்கும் 5-க்கும் நடுவே, 4.5-இல் எல்லையை வைத்து வரைதல் முறை. மேற்கூறிய தோப்பை அவ்வாறு வரைந்தால், நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் ஒரு சிறு குன்றின் வடிவம் தோன்றும்.

முழுமையின் கூறுகளைக் காட்டுவது வட்ட விளக்கப்படம். ஒரு வட்டத்தின் மையத்தில் 360 பாகைகள் உள்ளன. 30 மரங்களுக்கு 360 பாகை எனின், ஒரு மரத்திற்கு 12 பாகை. ஆகவே, ஐந்து பிரிவுகளும் முறையே 24, 84, 156, 72, 24 பாகைகள் பெறும். இவற்றின் கூட்டுத்தொகை 360 ஆதலைச் சரிபார்த்த பின்னரே வட்டத்தைப் பிரித்தல் வேண்டும்.

காலப்போக்கில் நிகழும் மாற்றத்தைக் காட்டுவது கோட்டுப் படம். கன்னியாகுமரி மாவட்டப் பரப்பில் வாழ்ந்த மக்களின் தொகை 1961-இல் ஏறத்தாழ 10 இலட்சம், 1971-இல் 12.2 இலட்சம், 1981-இல் 14.2 இலட்சம், 1991-இல் 16 இலட்சம், 2001-இல் 16.8 இலட்சம், 2011-இல் 18.7 இலட்சம். இவற்றைப் புள்ளிகளாகக் குறித்து இணைத்தால், கோடு தொடர்ந்து ஏறினும், 1991-க்கும் 2001-க்கும் இடையே அதன் ஏற்றம் தளர்ந்திருத்தலைக் காணலாம். 1901-இல் இருந்த 3.6 இலட்சத்தையும் அதே படத்தில் சேர்க்க விரும்புவோர், 60 ஆண்டு இடைவெளிக்கு ஏற்ற தொலைவை விட்டே அப்புள்ளியை வைத்தல் வேண்டும். பத்தாண்டுக்குரிய இடத்தில் அதனை நெருக்கி வைத்தால், மக்கள்தொகை திடீரென்று பாய்ந்து ஏறியதுபோன்ற பொய்த்தோற்றம் உண்டாகும்.

படம் உண்மையை விளக்குவதுபோலவே, கவனமின்றி வரைந்தால் உண்மையைத் திரித்தும் விடும். 2011-ஆம் ஆண்டில் கன்னியாகுமரி மாவட்டத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பேர். தமிழ்நாடு முழுவதிலும் நூற்றுக்கு 80 பேர். மாநிலத்திலேயே முதலிடம் இம்மாவட்டத்திற்கு உரியது. இது பெருமைக்குரிய செய்தியே. ஆனால், அப்பெருமையை மிகுத்துக் காட்ட எண்ணிய ஒருவர், அளவுகோலைச் சுழியிலிருந்து தொடங்காமல் 75-இலிருந்து தொடங்கிப் பட்டைகளை வரைந்தால் என்னாகும்? மாவட்டத்தின் பட்டை 17 பங்கு உயரமும், மாநிலத்தின் பட்டை 5 பங்கு உயரமும் கொண்டு நிற்கும். கன்னியாகுமரியார் மூன்று மடங்கிற்கு மேல் கற்றவர் என்று கண் நம்பிவிடும். எழுதிய எண் ஒவ்வொன்றும் மெய். வரைந்த படமோ பொய். பட்டையின் அடி சுழியில் இருத்தல் வேண்டும் என்பது இதனாலேயே விதியாயிற்று. இருமடங்கு விளைச்சலைக் காட்டுவதற்குத் தேங்காயின் உருவத்தை நீளத்திலும் அகலத்திலும் இருமடங்காக்கி வரைவதும் இத்தகைய பிழையே. அவ்வுருவம் நான்கு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும்.

நன்கு வகுத்து நேர்மையாக வரைந்த படம் உயிர் காக்கவும் வல்லது. 1854-ஆம் ஆண்டில் கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களுக்குத் தொண்டாற்றச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், விளக்கேந்திய செவிலியாகவே பலராலும் அறியப்படுகின்றார். அவர் எண்களைக் கையாள்வதிலும் வல்லவர். போரில் மாண்ட வீரர்களின் தொகையைத் திங்கள்தோறும் பிரித்து, தடுக்கத்தக்க நோயால் மாண்டோர், காயத்தால் மாண்டோர், பிற காரணங்களால் மாண்டோர் என மூன்றாக வகுத்தார். அவற்றை வண்ணம் தீட்டிய வட்ட வடிவப் படமாக 1858-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பகைவர் வாளினும் குண்டினும் தூய்மையற்ற சூழலில் பரவிய நோயே மிகப் பலரைக் கொன்றது என்பதை அப்படம் ஐயமின்றிக் காட்டிற்று. படைவீடுகளிலும் மருத்துவ நிலையங்களிலும் தூய்மையைப் பேண வேண்டும் என்ற அவரது வாதத்திற்கு அதுவே பெருந்துணையாயிற்று. மாண்டோர் அனைவரையும் ஒரே தொகையாகக் கூறியிருந்தால், அவ்வுண்மை எவருக்கும் புலப்பட்டிராது.

இந்திய நாட்டில் இக்கலையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் பிரசாந்த சந்திர மகலனோபிசு என்னும் அறிஞர். 1931-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை அவர் தோற்றுவித்தார். அவர் பிறந்த நாளாகிய சூன் 29, தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது.

இனி, கருங்கல்லுக்கு மீள்வது தகும். 2011-ஆம் ஆண்டில் கன்னியாகுமரி மாவட்ட மக்களுள் நூற்றுக்கு 82 பேர் நகரவாசிகள் என்று கணக்கிடப்பட்டனர். வட்டப்படத்தில் இது 360 பாகையில் ஏறத்தாழ 295 பாகையை அடைத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடியாக நகரமக்கள் விகிதம் மிகுந்த மாவட்டம் இதுவே. தென்னையும் இரப்பரும் வாழையும் விளையும் மாவட்டம் இவ்வாறு நகரமயமாய்த் தோன்றுவது ஏன்? கணக்கெடுப்பின் விதிப்படி, மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகிய அமைப்புகளுக்கு உட்பட்ட இடங்கள் யாவும் நகரம் எனப்படும். அவற்றிற்குப் புறம்பான ஓர் ஊர், 5000 மக்களும், சதுரக் கிலோமீட்டருக்கு 400 பேர் என்னும் நெருக்கமும், ஆண் தொழிலாளருள் நூற்றுக்கு 75 பேரேனும் வேளாண்மை அல்லாத தொழிலில் ஈடுபட்டிருத்தலும் ஆகிய மூன்றும் உடையதாயின் அதுவும் நகரமாகும். கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்நாளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் இருந்தன. கருங்கல்லும் அவற்றுள் ஒன்று. ஆகவே, அதன் எல்லைக்குள் தோட்டந் துரவு வைத்து வாழ்ந்தோரும், மண்வெட்டி ஏந்திக் கூலிக்குச் சென்றோரும் நகரவாசிகள் என்றே எண்ணப்பட்டனர்.

இவ்வாறு ஒரு சொல்லால் வகுப்பதன் விளைவு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம், ஊரகக் குடும்பங்களுக்கே ஆண்டுக்கு 100 நாள் வேலையை உறுதி செய்தது. ஊராட்சியில் வாழ்ந்த கூலியாளர் அதன் பயனைப் பெற்றனர். பேரூராட்சி எல்லைக்குள் வாழ்ந்தவர் பெறவில்லை. இருவரும் ஒரே வகை மண்ணை வெட்டியிருக்கலாம். ஒரே தோப்பில் வேலை செய்திருக்கலாம். அவர்களுக்கு இடையே ஓடியது ஒரு வரப்பு மட்டுமே. அட்டவணையிலோ அது இரண்டு கட்டங்களுக்கு நடுவே இழுத்த கோடாக நின்றது.

வகுப்பின் எல்லைகள் காலந்தோறும் மாறுதலும் உண்டு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அதற்கு முன் 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இம்மக்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின்கீழ் எண்ணப்பட்டனர். 2019-ஆம் ஆண்டில் கிள்ளியூர், திருவட்டாறு என்னும் தாலுகாக்கள் புதியனவாகப் பிரிக்கப்பட்டன. விளவங்கோட்டின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அப்படியே அருகருகே வைத்து ஒப்பிடுபவர், மக்கள் ஊரைவிட்டு அகன்றனர் என்று தவறாக முடிவு செய்வர். அகன்றவர் மக்களல்லர், நகர்ந்தது எல்லைக்கோடே.

ஆதலின், ஓர் அட்டவணையையோ படத்தையோ காணும் மாணாக்கர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இவற்றை எண்ணியவர் யார், எக்காலத்தில் எண்ணினார்? எவ்விதியின்படி இவை வகுக்கப்பட்டன? அளவுகோல் எங்கிருந்து தொடங்குகின்றது? இம்மூன்றிற்கும் விடை பெற்றவரை எண்கள் ஏமாற்றா. நாளை அவர்களே கணக்கெடுப்பாளராய் வீடுதோறும் செல்லலாம். ஊராட்சியில் அமர்ந்து திட்டம் வகுக்கலாம். அன்று அவர்கள் இடும் ஒவ்வொரு குறியும் ஒரு மனிதரைக் குறிக்கும். அக்குறி சரியான கட்டத்தில் விழுதல் வேண்டும், இரண்டு கட்டங்களில் விழலாகாது, விடுபடவும் ஆகாது.